மவுத் ஆர்கனில் ரயில் ஓட்டுவது எப்படி

புளூஸ் மவுத் ஆர்கனில் ரயில் தாளம் பழகுகிறவர் முதலில் வேகத்தைத்தான் துரத்துவார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைத்து நின்றுவிடும். நாக்கு இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொள்வார். சிக்கல் மூச்சில் இருக்கிறது, அதுவும் மூச்சு போதாமல் அல்ல, மிகுந்துபோய். வேகம் ஏற ஏறக் காற்றின் அளவு குறைய வேண்டும். இதை நீராவி எஞ்சினே காட்டிக்கொடுக்கிறது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டனை இரு பக்கமிருந்தும் நீராவி தள்ளுவதால், சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் புகைபோக்கி நான்கு முறை சீறும். நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது ஒவ்வொரு சீறலும் கனமாக, தனித்தனியாக விழும். ஓட்டம் பிடித்ததும் ஓட்டுநர் ஒவ்வொரு தள்ளலுக்கும் விடும் நீராவியைக் குறைத்துவிடுவார். சீறல்கள் நெருங்கும், கூடவே மெலியும். வேகத்தோடு சத்தத்தையும் ஏற்றுகிறவர் எஞ்சினைச் சரியாகக் கேட்கவில்லை, நுரையீரலையும் வீணாக வருத்துகிறார்.

கருவி பத்துத் துளை டயட்டோனிக்காக இருக்கட்டும், சி ஸ்கேல் போதும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ட்ரெமொலோ வகை இதற்கு உதவாது. அதில் ஊதும் ரீடும் உறிஞ்சும் ரீடும் தனித்தனி அறைகளில் இருப்பதால், பின்னால் தேவைப்படும் சுர வளைவு வராது. பத்துத் துளைக் கருவியில் 1, 2, 3 துளைகளைச் சேர்த்து ஊதினால் சி, ஈ, ஜி ஒலிக்கும். உறிஞ்சினால் டி, ஜி, பி. இரண்டுமே கிட்டார்காரர்கள் கார்டு என்று சொல்லும் இசைவான கூட்டு. மூச்சு எந்தப் பக்கம் போனாலும் அபசுரம் கிடையாது என்பதால், தனிச்சுரம் எடுக்கத் தெரியாதவரும் இங்கிருந்தே தொடங்கலாம். கருவியை உதட்டு நுனியில் வைக்காமல் வாய்க்குள் நன்றாகத் தள்ளி, தாடையைத் தளர்த்தி, அதன் வழியே சும்மா மூச்சு விடுங்கள். உறிஞ்சுவது என்று பெயர்தானே தவிர, கன்னம் குழிந்தால் தவறு.

அடுத்து நான்கு சீறல்கள்: இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. நான்கையும் நாக்கால் வெட்ட வேண்டும். தகதிமி என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அது உடனே நினைவுக்கு வரும், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ‘மி’ சொன்னால் உதடு மூடிக்கொள்ளும், ரயில் நின்றுவிடும். உள்ளே ‘தக’, வெளியே ‘தக’ என்று வைத்துக்கொள்ளுங்கள். த-வுக்கு நாக்கு நுனி, க-வுக்கு அடிநாக்கு. குரல் வரக் கூடாது, காற்று மட்டும்தான். மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு அசை வாசித்து, முதல் அசையைச் சற்று அழுத்துங்கள். நான்கும் ஒரே கனத்தில் விழுந்தால் தையல் மெஷின் சத்தம்தான் கேட்கும்.

அந்த அழுத்தம் உள்ளிழுக்கும் மூச்சில் விழுவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே போவது வெளியே வருவதைவிடச் சிறிது கூடுதல். சில சுற்றுகளுக்குள் நுரையீரல் நிரம்பி, இழுக்க இடமில்லாமல் போகும். மூச்சு தீர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் பலமாக இழுக்கிறவர் நிலைமையை மோசமாக்குகிறார். ஊதும் இரண்டு அசைகளின்போது மூக்கையும் திறந்துவிட்டு மிச்சக் காற்றை வெளியேற்றுவதே மருந்து. மூக்கு வழியே காற்று கசியக் கூடாது என்றுதானே சொல்லித் தருகிறார்கள் என்று கேட்கலாம். தனிச்சுரத்துக்கும் சுர வளைவுக்கும் அது சரியான பாடம், அங்கே கசிவு ஒலியைக் குலைத்துவிடும். தாளத்தில் ஊதும் அசை மெலிந்தால் நஷ்டமில்லை, அது மெலிந்திருப்பதே அழகு. இழுக்கும்போது மூக்கு மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் தலை சுற்றினால் நிறுத்துங்கள், தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறீர்கள் என்று பொருள்.

விசிலுக்கு 4, 5 துளைகளைச் சேர்த்து இழுக்க வேண்டும். அமெரிக்க நீராவி ரயில்களில் ஒரே நேரத்தில் பல சுரம் எழுப்பும் விசில்கள் பரவலாக இருந்ததால், ஒற்றைத் துளையைவிட இரட்டைதான் காதுக்கு ரயிலாகக் கேட்கும். நாக்கின் பின்பகுதியை மெல்லத் தாழ்த்தினால் சுரம் சரியும். கருவியைப் பொத்திய கையை விரித்து மூடினால் ஒலி அருகில் வந்து விலகும். விசில் ஒரு நீண்ட உள்மூச்சு என்பதால், அதற்கு முந்தைய சுற்றிலேயே நுரையீரலைக் காலி செய்துவிட வேண்டும். இன்று அமெரிக்க ரயில்கள் சாலைக் கடவுகளில் எழுப்பும் வரிசையையே எடுத்துக்கொள்ளலாம்: இரண்டு நெடில், ஒரு குறில், ஒரு நெடில். ஒவ்வொன்றுக்கும் இடையில் மூக்கால் விட்டுக்கொள்ள இடம் கிடைக்கும். விசில் ஒலிக்கும்போதும் காலால் தாளம் தட்டிக்கொண்டிருங்கள். தாளம் திரும்பும்போது முதல் அசை சரியான தட்டில் விழாவிட்டால், கேட்பவருக்கு ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கியது தெரிந்துவிடும்.

இதெல்லாம் பலகுரல் வித்தை, இசை ஆகுமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1927-ல் நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில், ஒரு செவ்வியல் இசை நிகழ்ச்சியைத் தொடர்ந்து மவுத் ஆர்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி ‘பான் அமெரிக்கன் புளூஸ்’ வாசித்தார். பான் அமெரிக்கன் என்பது லூயிவில் அண்ட் நாஷ்வில் கம்பெனி ஓட்டிய ரயிலின் பெயர். அந்த வாசிப்பை ஒட்டித்தான் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, பெய்லி வாசித்த நிகழ்ச்சிக்கு ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று பெயரிட்டார். அதே ஆண்டில் வெளிவந்த இசைத்தட்டில் பக்கவாத்தியம் எதுவும் இல்லை. தாளம், கூட்டுச் சுரம், விசில் மூன்றையும் ஒரே மூச்சோட்டம் தாங்குகிறது. அந்த வேலையை வித்தை என்று ஒதுக்குகிறவர் எதை இசை என்பார் என்று எனக்கு விளங்கவில்லை. சி கருவியில் இழுக்கும் சுரங்களைச் சுற்றி ஜி-யில் வாசிக்கும் புளூஸ் முறைக்கும் இதே மூச்சுதான் அடித்தளம்.

வேகத்தைக் கடைசியில் கூட்டுங்கள், அதையும் நான்கு நான்கு எண்ணாக. ஒவ்வொரு ஏற்றத்திலும் முந்தையதைவிட மெலிதாக வாசியுங்கள். நாக்கு தடுமாறினால் ஒரு படி இறங்குங்கள். அடுத்த படிக்குப் போகலாமா என்று தெரிந்துகொள்ள, இரண்டு நிமிடம் இடைவிடாமல் வாசித்துவிட்டு உடனே ஒரு நீண்ட வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரைக்காமல் முடிந்தால் மெட்ரோனோமை நகர்த்தலாம்.