பிரியும் வேளையில் செய்ய வேண்டுவது யாது?



யாத்திரை புறப்படுவதற்கு நாம் எத்தனையோ ஏற்பாடுகள் செய்கிறோம். பணம் திரட்டுகிறோம், வண்டி பேசுகிறோம், கட்டுச்சோறு கொணர்வது யார் என்று பட்டியல் போடுகிறோம். யாத்திரை முடிந்து நண்பர்கள் பிரியும் வேளைக்கு மட்டும் நம்மிடம் ஓர் ஏற்பாடும் இல்லை.

சித்திரை முழுநிலா நாளில் மங்கலதேவி மலைக்குப் போய் வரும் இளைஞரைக் குமுளிப் பேருந்து நிலையத்தில் கண்டவர்க்கு இது விளங்கும். ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே காட்டுவழி திறக்கப்படும். மாலைக்குள் மலையிறங்கிவிட வேண்டும். இறங்கியதும் வண்டிப்பெரியாறு, பீர்மேடு செல்லும் பிள்ளைகள் ஒரு பக்கம், கம்பம் இறங்கிப் பாலக்காடு, வாளையாறு செல்வோர் மற்றொரு பக்கம் எனப் பிரிவர். சிலர் கண் கலங்குவர். சிலர் கேலி பேசிக் கலக்கத்தை மறைப்பர். வழியில் வாய்ச்சண்டையிட்ட இருவர் மட்டும் ஒருவரையொருவர் பாராமலே ஏறிப் போய்விடுவர். இன்றைய பாடம் அவ்விருவரைப் பற்றியது.

இது சிறிய காரியமன்று. தம்மத்தை ஏற்ற குடும்பம் ஒன்றே ஒன்றாக உள்ள ஊர்கள் பல. அவ்வூர்ப் பிள்ளைக்கு இந்த நண்பர் கூட்டமே துணை. கசப்போடு வீடு சேர்ந்தால் அடுத்த கூட்டத்துக்கு அவன் வாரான். அதற்கடுத்த ஆண்டு அவன் பெயரும் நமக்கு மறந்துவிடும்.

வினய பிடகத்து மகாவக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. கோசல நாட்டில் பிக்குகள் சிலர் மழைக்காலம் மூன்று மாதமும் ஓரிடத்தில் தங்கினர். சச்சரவு வாராதிருக்க அவர்கள் கண்ட வழி, ஒருவரோடொருவர் பேசாதிருப்பது. பிச்சையேற்று முதலில் திரும்பியவர் இருக்கைகளை இட்டு, கால் கழுவ நீர் வைப்பார். கடைசியில் வந்தவர் இடத்தைப் பெருக்குவார். குடம் வெறுமையாயிருக்கக் கண்டவர் நிரப்புவார். தனியே தூக்கவியலாவிடின் கைச்சாடையால் ஒருவரை அழைப்பார். மழைக்காலம் கழிந்தபின் பகவரை அடைந்து, ஒற்றுமையாய்ச் சுகமாய் வாழ்ந்தோம் என்று மகிழ்வோடு கூறினர். பகவர் மெச்சவில்லை. ஆடுமாடுகளைப்போல் வாழ்ந்துவிட்டு அதனைச் சுகம் என்கிறார்களே என்று கடிந்துகொண்டார்.

பஞ்சாலையில் பல்லாண்டு நின்ற நமக்கு அந்தச் சாடை வாழ்வு நன்கு தெரியும். இயந்திர இரைச்சலில் கையசைவே பேச்சு. வேலை குறைவின்றி நடக்கும். சங்கு ஊதியதும் கலைவோம். அடுத்த இயந்திரத்தில் நின்றவன் மனத்தில் என்ன இருந்தது என்பது பத்தாண்டு கழிந்தும் தெரியாது.

பகவர் அன்று விதித்ததே பவாரணை. மழைக்காலத் தங்கலின் முடிவில் ஒவ்வொரு பிக்குவும், தம்மிடம் குற்றம் கண்டிருந்தாலும், கேள்வியுற்றிருந்தாலும், ஐயுற்றிருந்தாலும் இரக்கத்தோடு எடுத்துரைக்குமாறு சங்கத்தாரை வேண்டிக்கொள்ள வேண்டும். மூன்றனுள் கடைசியானதையே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கண்ட குற்றத்தைச் சொல்லிவிடலாம்; ஐயத்தைச் சொல்லுவது அரிது. பொதுப்பணத்தில் தேநீர் அருந்தினானோ? படுக்க நல்ல இடத்தைத் தன் ஊரானுக்கே கொடுத்தானோ? எவரும் வாய் திறவார். ஐயம் மட்டும் சீட்டு வாங்காமல் வீடுவரை கூடவே வரும்.

முதலில் கேட்பவர் மூத்த பிக்கு. அவர் குந்தி அமர்ந்து கைகூப்பிக் கேட்பார், பின்னரே இளையோர். பகவரே கேட்டதுண்டு. சாவத்தியின் கிழக்காராமத்தில், மிகாரமாதாவின் மாளிகையில், 500 பிக்குகள் நடுவே, தம் உடலாலோ வாக்காலோ நேர்ந்த குறை உண்டோ என வினவினார் என்று சங்யுத்த நிகாயம் கூறுகிறது. ஒன்றுமில்லை என்று விடையிறுத்த சாரிபுத்தர், அடுத்துத் தம் குறையைக் கேட்டார். எனவே யாத்திரைத் தலைவர் சிறுவர்களைக் கேட்கச் சொல்லிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்பது முறையாகாது.

அழுவது தவறோ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். குசினாராவில் ஆனந்தர் கதவருகே சாய்ந்து நின்று அழுதார். பகவர் அவரை அழைப்பித்து, அன்புக்குரிய யாவற்றினின்றும் பிரிவு உண்டென்று முன்னரே கூறியதை நினைவூட்டினார். அதனோடு நில்லாமல், ஆனந்தர் நெடுநாள் செய்த தொண்டினைப் புகழ்ந்தும் பேசினார். ஆகவே குறையைக் கேட்ட வாயால் நண்பன் செய்த நன்மையையும் சொல்லுக. பாதி வழி நம் மூட்டையைச் சுமந்தவன் அதைக் கேட்கத் தகுதியுடையவனே.

பிறகு பேசிக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 அன்று இரவு மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அன்று பொழுது சாய வேலை விட்டுப் பிரிந்தோர், காலையில் காண்போம் என்றே பிரிந்திருப்பர்.

இன்னும் ஒன்று. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் கண்ணகி படிமத்தை வணங்கிய மணிமேகலை, அங்கே பௌத்தத் துறவு பூண்டிருந்த பாட்டன் மாசாத்துவானைக் காண்கிறாள். மகனை இழந்த அம்முதியவன் பேத்தியைத் தன்னுடன் நிறுத்திக்கொள்ளவில்லை. அறவண அடிகள் காஞ்சியில் இருப்பதையும், அந்நகர் மழையின்றி வாடுவதையும் கூறி, அவளை அங்கே செல்லுமாறு விடுக்கிறான். நாமும் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பலாகாது. அவரவர் ஊருக்கு அணித்தே உள்ள தம்ம நண்பர் யார், அவரை எந்நாளில் காண்பது என்பதை எழுதிக் கையில் கொடுப்போம்.

இவையனைத்தையும் வண்டி வருவதற்கு அரைமணி முன்னதாகவே தொடங்குக. குமுளியில் ஓட்டுநர் நமக்காகக் காத்திருக்க மாட்டார்.