ஓடக் கற்பித்த ஆசிரியர்

நுழையும்முன்

களத்தில் வென்றவரின் பெயரை உலகம் அறியும்; அவருக்கு நாள்தோறும் தம் நேரத்தை அளித்தவரின் பெயரைப் பெரும்பாலும் அறியாது. ஊதியம் கருதாத ஓர் ஆசிரியரின் பயிற்சி, ஒரு சிற்றூரின் வாழ்வோடு கலந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவில், பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஈட்டன் என்னும் சிற்றூர் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் அது. விடியற்காலையில் அதன் செம்மண் சாலைகளில் ஓட்டக்காரர்கள் கூட்டங்கூட்டமாக ஓடுவர். உலகப் புகழ் பெற்றவரும் நேற்றுப் பயிற்சிக்கு வந்தவரும் அங்கு ஒரே சாலையில் ஓடுவதைக் காணலாம்.

மண்ணும் மனிதரும்

இவ்வூரின் சிறப்புக்கு அதன் உயரமே காரணம் என்பர் சிலர். உயரம் துணைசெய்கிறது என்பது உண்மையே. ஆயினும், உலகில் இதே உயரத்தில் வேறு பல ஊர்களும் உள்ளன. அங்கெல்லாம் இத்தனை வீரர்கள் தோன்றவில்லை. மண் தந்த வாய்ப்பை வளர்த்தெடுக்க மனிதர் வேண்டும். ஈட்டனில் அப்பணியை ஏற்றோருள் குறிப்பிடத்தக்கவர் அருட்சகோதரர் கொலம் ஓ'கானல்.

அயர்லாந்து நாட்டவரான அவர், 1976ஆம் ஆண்டு ஈட்டனிலுள்ள புனித பேட்ரிக் உயர்நிலைப் பள்ளிக்குப் புவியியல் ஆசிரியராக வந்தார். தடகளப் பயிற்சி எதுவும் பெற்றவரல்லர் அவர். அப்போது மாணவர்க்கு ஓட்டப் பயிற்சி அளித்துவந்த பீட்டர் ஃபாஸ்டர் என்னும் ஆசிரியருக்கு உதவியாளராக மட்டுமே களத்தில் நின்றார். சிறிது காலத்தில் ஃபாஸ்டர் தாய்நாடு திரும்பினார். பயிற்றுநர் இல்லையேல் பயிற்சியும் நின்றுவிடும் என்னும் நிலையில், 'எனக்குத் தெரியாது' என்று ஓ'கானல் ஒதுங்கவில்லை, பொறுப்பை ஏற்றார்.

கற்பித்தவாறே கற்றவர்

தெரியாததைத் தம் மாணவரிடமிருந்தே அவர் கற்றார். அவர்கள் ஓடும் முறையை நாள்தோறும் கூர்ந்து நோக்கினார். எவருக்கு எவ்வளவு பயிற்சி பொருந்தும் என்பதை அறிந்தார். விரைந்து ஓடுவதற்கு முன் செம்மையாக ஓடப் பழக வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஆகவே, மெதுவோட்டத்திற்கும் உடலசைவுப் பயிற்சிகளுக்கும் மிகுந்த இடம் தந்தார். தம் பயிற்சிக்காக வீரர்களிடம் அவர் பணம் பெற்றதில்லை.

பயனும் விளைந்தது. அப்பள்ளியின் மாணவராக இருந்த பீட்டர் ரோனோ, 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஆண்கள் பள்ளியின் எல்லையோடும் அப்பணி நின்றுவிடவில்லை. விடுமுறைக் காலப் பயிற்சி முகாம்கள் தொடங்கப்பட்டபின் பெண்களும் பயன்பெற்றனர். ஓ'கானலிடம் பயிற்சி பெற்ற ஜேனத் ஜெப்கோஸ்கே, 2007ஆம் ஆண்டு ஒசாகாவில் 800 மீட்டர் ஓட்டத்தில் உலக வாகையரானார்.

தெரிந்து தெளிவோம்

உயரமான இடங்களில் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் குறைகிறது. அதனை ஈடுசெய்ய உடல் சிவப்பணுக்களை மிகுதியாக உருவாக்குகிறது. இச்சிவப்பணுக்களே தசைகளுக்கு உயிர்வளியைக் கொண்டுசெல்கின்றன.

முன்னோடுபவரின் கடமை

அம்முகாமுக்கு இளைஞராக வந்த மற்றொருவர் டேவிட் ருடிஷா. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் அவர் ஓடினார். சாதனைக்கென நடத்தப்படும் ஓட்டங்களில், முதற்பகுதியில் வேகம் அமைத்துத் தருவதற்கென ஒருவர் முன்னே ஓடுவதுண்டு. ஒலிம்பிக்கில் அத்தகைய துணை இல்லை. ருடிஷாவோ தொடக்கம் முதலே தாமே முன்சென்று, 1 நிமிடம் 40.91 வினாடியில் ஓடி முடித்து உலக சாதனை படைத்தார்.

அவரைத் தொடர்ந்தவர்களும் அவ்வேகத்தால் ஈர்க்கப்பட்டனர். எட்டாவதாக, அதாவது கடைசியாக வந்தவர் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 43.77 வினாடி. நான்கு ஆண்டுகளுக்கு முன் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரின் நேரமோ 1 நிமிடம் 44.65 வினாடி! ஒருவர் முன்னே ஓடியதால் பின்னே ஓடியவர் அனைவரும் உயர்ந்தனர்.

தன்னார்வப் பயிற்சியின் இயல்பும் இதுவே. முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு வழியமைக்கிறார். பயிற்சி பெற்றவர் நாளை பயிற்சி தருபவராகிறார். எல்லாரும் பதக்கம் வெல்வதில்லை. ஆனால், தன்னைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார் என்னும் உறுதியை எல்லாரும் பெறலாம். அதனை அளிக்கப் பெருஞ்செல்வமோ புலமையோ முதற்தேவை அன்று. நாள் தவறாமல் களத்திற்கு வந்து நிற்கும் மனமே முதற்தேவை.

மதிப்பீடு

குறுவினா
1. ஓ'கானல் ஓட்டப் பயிற்சிப் பொறுப்பை ஏற்ற சூழல் யாது?

சிறுவினா
2. 'மண் தந்த வாய்ப்பை வளர்த்தெடுக்க மனிதர் வேண்டும்' – விளக்குக.

நெடுவினா
3. இலண்டன் ஒலிம்பிக் ஓட்டத்தைத் தன்னார்வப் பயிற்சியோடு ஒப்பிட்டு, உம் பள்ளியில் இளைய மாணவருக்கு நீவிர் செய்யக்கூடிய உதவிகளைக் கட்டுரையாக்குக.