மூளைச் சவ்வுக் காய்ச்சலும் விரைவுச் சோதனையும்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுவோர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்தப்படுவது ஏன்? நம் வர்த்தக அன்பர்கள் ஒவ்வொருவரும் இதை அறிந்திருப்பது அவசியமாகும்.

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள சவ்வில் கிருமி புகுவதால் உண்டாகும் கொடிய வியாதியே மெனிஞ்சைட்டிஸ். இக்கிருமிகளில் ஒன்றான மெனிங்கோகாக்கஸைத் தொண்டையில் சுமந்தும் நோயின்றி இருப்போர் உண்டு. ஜனநெருக்கத்தில் அது எளிதில் பரவும். 1987-ம் ஆண்டு ஹஜ்ஜில் அதன் 'ஏ' வகை பரவிற்று. 2000, 2001-ம் ஆண்டுகளில் 'டபிள்யூ 135' என்னும் வகை ஹாஜிகளையும், ஊர் திரும்பியபின் அவர்தம் வீட்டாரையும் தாக்கிற்று. நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரும் தப்பவில்லை. ஆகவேதான் ஏ, சி, டபிள்யூ, ஒய் என்னும் நான்கு வகைக்கும் சேர்த்த ஊசியை, மக்கா சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போடச் சொல்கிறார்கள்.

நோய் கண்டவரின் முதுகுத்தண்டிலிருந்து சிறிது நீர் எடுத்து, அதில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது பழைய முறை. அதற்கு ஒன்றிரண்டு நாளாவது ஆகும். முன்பே மருந்து கொடுத்திருந்தால் கிருமி வளராமலும் போகலாம்.

இக்குறையைத் தீர்க்க வந்தது பி.சி.ஆர். சோதனை. 1983-ல் இதைக் கண்ட கேரி மல்லிஸ் 1993-ல் நோபல் பரிசு பெற்றார். கிருமியின் டி.என்.ஏ. துண்டை ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கிப் பெருக்குவதே இதன் சூட்சுமம். ஒரு காசைச் சுற்றுக்குச் சுற்று இரட்டித்தால் 30-ம் சுற்றில் 107 கோடிக்கு மேலாகும். கணக்கறிந்த நமக்கு இது விளங்கும். செத்த கிருமியின் துண்டும் போதும். சில மணி நேரத்தில் விடை கிடைக்கும். 14 நோய்க்கிருமிகளை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சோதிக்கும் கருவிக்கு 2015-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. எனினும் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்றறியப் பழைய முறையும் தேவையே.

சோதனை எவ்வளவு விரைவானாலும், நோயாளி ஆஸ்பத்திரி சேர்ந்த பிறகுதான் அது தொடங்கும். அதற்கு முன் கழியும் நேரம் நம் பொறுப்பு. கடுங்காய்ச்சல், தாங்கொணாத் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தில் கண்கூச்சம், புத்தி தடுமாற்றம், கண்ணாடித் தம்ளரால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். இவை யாவும் ஒருங்கே தோன்றுமென்று காத்திருக்கலாகாது. கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். பால் குடிக்க மறுப்பதும் ஓயாது அழுவதும் எச்சரிக்கையே.

கடை மாடியில் ஒரே அறையில் தங்கும் சிப்பந்திகளுள் ஒருவருக்கு இவ்வாறு கண்டால், கடை அடைக்கும் வரை பொறுக்க வேண்டாம். மிச்சமுள்ள மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். கெமாஸிலிருந்து தம்பினுக்கோ சிகாமட்டுக்கோ உடனே கொண்டு செல்லுங்கள். அண்மையில் ஹஜ், உம்ரா சென்று வந்தவர் உடன் இருந்தால் அதையும் டாக்டரிடம் கூறுங்கள். சோதனை முடிவுக்குக் காத்திராமல் அவர் மருந்தைத் தொடங்குவார். மெனிங்கோகாக்கஸ் என்று தெரிந்தால் உடன் தங்கியோருக்கும் தடுப்பு மருந்து தருவார்.

ஒரு நாள் வியாபாரம் போனால் மறுநாள் ஈட்டலாம். போன உயிரை ஈட்ட முடியாது.