கொத்திறைச்சி ரொட்டி: நடுப்பாகம் வெந்ததா?

கெப்பாலா பத்தாஸ் வட்டார இல்லத்தரசியர் பலருக்குக் கோலா உருண்டை பிடிக்கத் தெரியும். அக்கைப்பழக்கம் உடையோர்க்கு, மேலைநாட்டார் ‘மீட் லோஃப்’ என்னும் கொத்திறைச்சி ரொட்டியும் எளிதே. உருண்டையாகப் பிடிக்காமல் ரொட்டிபோல் ஒரே பாளமாக வேகவைப்பதால் இப்பெயர் பெற்றது.

தேவையானவை: கொத்திய கோழி இறைச்சி 500 கிராம், ரொட்டித் துண்டு 2, முட்டை 1, பெரிய வெங்காயம் 1, சிறிது பால், இஞ்சி, பூண்டு, மிளகுத்தூள், உப்பு.

செய்முறை: ரொட்டியைப் பாலில் நனைத்துப் பிழிந்து, பொடியாக நறுக்கியவற்றோடும் இறைச்சியோடும் சேர்த்து மெல்லப் பிசைக. அழுத்திப் பிசைந்தால் கெட்டிப்படும். எண்ணெய் தடவிய தகரத்தில் இட்டு, ஓவனில் 180 பாகை செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவிடுக. ஓவன் இல்லாதோர் தகரத்தை மூடி, இட்டலிச் சட்டியில் ஆவியில் வேகவைக்கலாம். வெந்தபின் 10 நிமிடம் ஆறவிட்டு வெட்டுக.

கவனிக்க: முழு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்திலேயே இருக்கும், கொத்தும்போது அவை உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. எனவே மேற்புறம் சிவந்ததைக் கண்டு ஏமாறலாகாது. நடுப்பாகம் 74 பாகையை எட்டவேண்டும். உணவு வெப்பமானியை நடுவில் செருகிப் பார்ப்பதே உறுதியான வழி. பச்சை இறைச்சி பட்ட கை, கத்தி, பலகை ஆகியவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. மிஞ்சியதை 2 மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைக்க.

அரைவேக்காட்டு உணவால் முதலில் வாடுவோர் குழந்தைகளும் முதியோரும் கருவுற்ற தாய்மாருமே. அவர்கள் பொருட்டேனும் அடுப்பை அணைக்குமுன் நடுப்பாகத்தைச் சோதிப்போமாக.