செயற்கூறு தரும் அணி

இணைய நிரல் எழுதப் பயிலும் மாணவர், செயற்கூறு ஒன்றிடமிருந்து ஒரு விடையைப் பெறுதலை எளிதிற் கற்பர். பல விடைகளை ஒருங்கே பெறுங்கால் இடர்ப்படுவர். அவ்விடர் நீங்கும் வழியை, 1995-ஆம் ஆண்டில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் நிரல்மொழி கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

செயற்கூறாவது, ஏவிய பணியை முடித்துப் பயனைத் திருப்பியளிக்கும் நிரற்பகுதி. அணியாவது, பல மதிப்புகளை வரிசைப்படுத்தி ஒரு பெயரால் வழங்குவது. ஒரு நிலையத்தின் பெயரைக் கொடுத்தால், கடற்கரை–தாம்பரம் மின்ரயில் வழியில் அதற்கப்பால் தாம்பரம் வரை உள்ள நிலையங்களைத் தரும் செயற்கூறொன்றைக் கருதுவோம். பல்லாவரம் எனக் கொடுப்பின், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் என்னும் மூன்று உறுப்புகள் கொண்ட அணி வரும். சுட்டெண் சுழியில் தொடங்குதலின், குரோம்பேட்டையின் சுட்டெண் 0. தாம்பரத்தின் சுட்டெண் 2.

அடுத்த நிலையம் மட்டும் வேண்டின், முன்னாளில் அணியை ஒரு மாறியில் இட்ட பின்னரே முதலுறுப்பை எடுத்தல் கூடும். 2012-இல் வெளிவந்த 5.4 பதிப்பு முதல், செயற்கூற்றை அழைத்த இடத்திலேயே சதுர அடைப்பினுள் சுட்டெண்ணை எழுதி நேரே எடுக்கலாம். இச்சுருக்கம் நன்றே, ஆயினும், அணியில் உறுப்பு உண்டென்று துணிந்தவிடத்தே அது தக்கதாம்.

தாம்பரம் எனக் கொடுத்தால் யாது விடை? அதற்கப்பால் நம் வரிசையில் நிலையம் இல்லை. அப்பொழுது 'பொய்' என்னும் மதிப்பைத் திருப்பியளிப்பாரும் உளர். அணியை எதிர்நோக்கி உறுப்புதோறும் சுழலும் மடக்கு, அதனைக் கண்டு எச்சரிக்கை எழுப்பும். வெற்றணியை அளிப்பின், மடக்கு ஒருமுறையும் சுழலாது அமைதியாய் முடியும். ஆதலின் உறுப்பு இல்லாதவிடத்தும் அணியையே அளித்தல் முறை. 2015-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல், திருப்பியளிப்பது அணியே எனச் செயற்கூற்றின் தலைப்பிலேயே விதித்தலும் இயலும்.

இனி, இவ்வழியில் இல்லாத ஆவடியைக் கொடுத்தால்? அதற்கும் வெற்றணியை அளித்தல் பிழையாம்; ஆவடியே வழியின் இறுதி என்று கேட்டவர் மயங்குவர். ஈண்டு விதிவிலக்கை எழுப்பிப் பிழையை அறிவித்தலே நேர்மை. 'இனி ஒன்றும் இல்லை' என்பது ஒரு விடை. 'வினாவே பொருந்தாது' என்பது வேறு. நிரலை நம்பி வழிச்செல்வோர் பலராதலின், இவ்விரண்டையும் வேறுபிரித்து உரைத்தல் நிரல் எழுதுவார் கடனென்று கொள்வோமாக.