கூரையை மறுபடி வேய்ந்தது யாருங்க?

புலியகுளம் அந்தோணியார் கோயில் செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு நெற்றியில் திருநீறோடு வருகிறவர்களும் உண்டு. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, போகிற வழியில் முந்தி விநாயகருக்கும் ஒரு கும்பிடு போடுவார்கள். கோயமுத்தூர் மில் ஏரியா அப்படித்தான். மில் சங்கு ஊதுவதை வைத்து உலை வைத்த தெருக்கள் இவை.

2020 மார்ச் ஊரடங்கில் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் நின்றன. பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், எல்லாவற்றுக்கும் மூத்த சி.எஸ்.டபிள்யூ. மில். கடைசியாகச் சொன்னது 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை தொடங்கியது. கோவையில் நூல் நூற்ற முதல் மில். ஊரடங்கு போனது, மில்கள் பழையபடி ஓடவில்லை. என் வீட்டுக்காரர் இருந்தது வேறொரு தனியார் மில். அங்கும் அந்த வருடமே ஆளைக் குறைத்தார்கள். அப்போது எங்களைத் தாங்கியதையும், பிறகு நாங்கள் மற்றவர்களோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்ததையும் இங்கே எழுதுகிறேன். பிரசங்கம் பண்ண எனக்கு வராது.

எங்கள் கோயில் பங்கில் இருபது, முப்பது வீடு சேர்ந்தால் ஓர் அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடி நற்செய்தி வாசித்துப் பேசுவோம். கோயில் பூட்டியிருந்த அந்த மாதங்களில் கூட வழியில்லை. செபமாலையைப் போனில் சொன்னோம். ஐந்து பத்துச் செபம், வீட்டுக்கு ஒரு பத்தாக ஐந்து வீடு. ஒரு நாள் என் முறை வந்தபோது வாய் வரவில்லை. அருள் நிறைந்த மரியேவைக்கூட ஆரம்பிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு அக்கா என்னுடைய பத்தையும் சேர்த்துச் சொல்லி முடித்தார். என்னாச்சு என்று அப்போதும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க என் பத்தை அவரே சொன்னார். விசுவாசம் குறைந்தவளுக்கு விசுவாசத்தைப் பற்றி வகுப்பெடுக்காத அந்தப் பெண்மணியை நான் எந்தப் பிரசங்கியாருக்கும் மேலே வைப்பேன்.

பிறகு நாங்களும் கஷ்டப்படுகிற வீடுகளைச் சந்திக்கப் போக ஆரம்பித்தோம். போகும் முறையைப் புனித வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களிடம் கற்றுக்கொண்டோம். 1833இல் பாரிசில் ஃப்ரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர், அப்போது வயது இருபதுதான், சில நண்பர்களோடு தொடங்கிய சபை அது. ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி. இரண்டு பேராகப் போவார்கள். யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். இந்த இரண்டும் எங்களுக்குப் பெரிய பாடம். ஐந்தாறு பேராகப் போய் இறங்கினால், அந்த வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று தெருவே எட்டிப் பார்க்கும்.

போனால் எதைப் பார்ப்பது? அரிசி டப்பாவைப் பார்க்காதீர்கள். மானமுள்ள வீட்டில் அது எப்படியாவது நிறைந்திருக்கும். ஒரு வீட்டில் மில் வேலை போன அண்ணன் டி.வி.யைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் வீட்டம்மா "வாங்கக்கா, உக்காருங்க" என்று வரக்காப்பி போட உள்ளே போனார். ஜன்னல் திட்டில் மாத்திரை அட்டை. உடைத்த பாதி மாத்திரைகளைத் தனியாக ஒரு குங்குமச்சிமிழில் போட்டு வைத்திருந்தார்கள். பிரஷர் மாத்திரை, நாளுக்குப் பாதி. ஒரு மாதத்துக்கு வாங்கியது இரண்டு மாதம் வர வேண்டுமே. நாங்கள் பணம் எதுவும் கொடுக்கவில்லை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் மாத்திரை காசில்லாமல் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். பெயரைப் பதிந்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான். பிற்பாடு அந்த அண்ணன் பெரியாஸ்பத்திரியில் எந்தச் சீட்டுக்கு எந்த வரிசை என்று மனப்பாடமாகத் தெரிந்த ஆளாகிவிட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு அலைகிறவர்களை இப்போது அவர்தான் கூட்டிக்கொண்டு போகிறார். டி.வி. முன்னால் உட்கார நேரமில்லை என்று வீட்டம்மா புகார் சொல்கிறார்.

உதவி வாங்குகிற வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று கேட்டு வாங்குங்கள், மாதக் கூட்டத்தை அவர்கள் வீட்டில் வைப்பதும் அதில் சேரும். எங்கள் அன்பியக் கூட்டம் சில வீடுகளுக்கு மட்டும் போகாமலே இருந்தது. விசாரித்தால், போன மாதத்து வீட்டில் கேசரி, பஜ்ஜி என்று போட்டிருக்கிறார்கள்; அதற்கு வழியில்லாதவர்கள் "ஊருக்குப் போறமுங்க" என்று நழுவிவிடுவார்கள். அதன்பின், யார் வீடானாலும் வரக்காப்பி மட்டும் என்று முடிவு செய்தோம். வசதியானவர்கள் கொஞ்சம் முறுமுறுத்தார்கள். முறுமுறுக்கட்டும்.

செபத்தைப் பற்றி ஒன்று. சிலர் செபிக்கும்போதுதான் ஊருக்கே செய்தி வாசிப்பார்கள். "ஆண்டவரே, இந்தக் குடும்பத்தின் மகளிர் குழுக் கடனையும், மருமகன் கோபித்துக்கொண்டு போனதையும் உம் பாதத்தில் வைக்கிறோம்" என்று உரக்கச் சொன்னால் ஆண்டவருக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். அவருக்குத் தெரிந்ததை அவரிடமே விவரிக்க வேண்டாம். செபிக்கலாமா என்று கேட்டுவிட்டு, சுருக்கமாக, மெல்லிய குரலில் செபித்தால் போதும். "கடவுள் சோதிக்கிறார்", "விசுவாசம் பத்தல" இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். வேதாகமத்தில் புலம்பல் என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. 150 திருப்பாடல்களிலும் எத்தனையோ பாட்டு, ஏன் கைவிட்டீர் என்று சண்டைக்குப் போகிற பாட்டுதான். புலம்புகிறவரைப் புலம்ப விடலாம், தப்பில்லை.

தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் செபத்தோடு நிறுத்தாதீர்கள். 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், காசில்லை. டாக்டரிடம் போவது விசுவாசக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் நற்செய்தி எழுதிய லூக்கா யார் என்று கேளுங்கள். அவர் மருத்துவர்.

மாற்கு இரண்டாம் அதிகாரம் வாசித்த கூட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடக்க முடியாதவனை நாலு பேர் தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்று வருகிறது. படுத்திருந்தவன் என்ன நம்பினான் என்ற பேச்சே இல்லை. போனில் என் பத்தைச் சொன்ன அக்காவை நினைத்துக்கொண்டு நான் அதைப் பற்றிப் பேசினேன். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், ஆயுசு பூரா கொத்தனார் வேலை பார்த்தவர், கேட்டார்: "அதெல்லாஞ் செரீங்க. பிரிச்ச கூரைய மறுபடி வேய்ஞ்சு குடுத்தது யாருங்க? ஊட்டுக்காரன் பாவமில்லீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேள்வி விடவில்லை. நாங்களும் அப்படிப் பாதியில் விட்டுப் போகிறவர்கள்தான். எங்கள் பங்கில் சாவு வீட்டுக்குக் கூட்டம் திரளும். அடக்கத்துக்கு வருவார்கள், ஏழாம் நாள் வருவார்கள், முப்பதாம் நாள் பூசையோடு சரி. அதற்குப் பிறகுதான் கணவனை இழந்த பெண் வாரிசுச் சான்றிதழுக்கும், பி.எஃப். பென்ஷனுக்கும், மாதம் 1,200 ரூபாய் விதவை உதவித்தொகைக்கும் தனியாக அலைவாள். தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்துக்கு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

இப்போது முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் எங்களில் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போகிறோம். பூ, பழம் ஒன்றும் வேண்டியதில்லை. ரேஷன் கார்டு, ஆதார், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுக்க நூறு ரூபாய் சில்லறையும், நீலப் பேனாவும், விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒரு ஆளும் போதும். கொத்தனார் ஐயாவுக்கு எழுதத் தெரியாது. தாலுகா ஆபீசுக்குத் துணைக்கு அவர்தான் போகிறார். வரிசையில் இடம் பிடிக்க அவரை மிஞ்ச ஆளில்லை.