ஏறுதலும் இறங்குதலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த நகரம் தென்காசி. அதனை அடுத்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குற்றாலம். ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவக் காற்று வீசும்போது மலையிலே மழை பொழியும். ஊரிலே சாரல் தூவும். பேரருவியும் ஐந்தருவியும் ஆர்ப்பரித்து வீழும். அருவியாட வருவோர் கூட்டம் தெருவெல்லாம் நிறையும். கார்த்திகை, மார்கழித் திங்களில் சபரிமலைக்குச் செல்லும் அடியார்களும் இங்கு வந்து நீராடுவர். இவர்களுள் பலர் பேருந்துகளிலேயே வந்து செல்கின்றனர்.

பேருந்தின் உள்ளே அமர்ந்திருப்பவருக்கு வண்டியின் உடல் ஓரளவு கவசமாக அமைகின்றது. தரையில் நிற்பவருக்கு விலகிச் செல்ல இடம் உண்டு. ஆனால், ஏறுபவருக்கும் இறங்குபவருக்கும் இவ்விரண்டு காவலும் இல்லை. ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும் அச்சிறு பொழுதே பேரிடர் நிறைந்த பொழுதாகும். உலக சுகாதார நிறுவனமும் இதனை உணர்ந்துள்ளது. 1990ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்ற நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் திருத்தம், பேருந்துப் பயணிகள் விபத்தில் அடையும் காயங்களை, மோதிய பொருள் மிதிவண்டியா, காரா, லாரியா, புகைவண்டியா எனப் பகுத்துக் காட்டுகின்றது. அப்பகுப்பினுள் ஏறும்போதும் இறங்கும்போதும் நேரும் காயங்களுக்குத் தனி உட்பிரிவு உண்டு.

இத்தகைய விபத்துகள் நேர்வது எங்ஙனம்? மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடக்கின்றது. அதனுள் இருப்பவரின் உடலும் அதே வேகத்தில் செல்கின்றது. அவர் கீழே குதித்தால், தரையைத் தொட்ட கால்கள் நின்றுவிடும். உடலோ முன்னோக்கியே செல்லும். அதனால் அவர் தலைகுப்புற வீழ்வார். பின்சக்கரம் அருகில் இருப்பின் நேரும் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ!

பேருந்து நின்ற பின்னும் இடர் முற்றும் நீங்குவதில்லை. நடுச்சாலையில் பேருந்து நின்றால், அதற்கும் சாலையோரத்திற்கும் இடையே உள்ள வழியில் இருசக்கர வண்டிகள் விரைந்து நுழையும், இறங்குபவர்மீது மோதும். இறங்கியவர் பேருந்தின் முன்புறமாகச் சாலையைக் கடக்க முயன்றால், அதனை முந்திவரும் வண்டியின் ஓட்டுநருக்கு அவர் புலப்படமாட்டார். சாரல் காலத்தில் நனைந்த படியும், ஈரக் காலும், கையில் பிடித்த துணிமூட்டையும் இவ்விடரை மிகுவிக்கும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு படிக்கட்டில் பயணம் செய்வதைத் தடுக்கின்றது. பயணி அங்கே நிற்றலும் குற்றம்; வண்டியை நடத்துவோர் அவரை அங்கே நிற்க விடுதலும் குற்றம். ஆதலின், இறங்குவோர் அனைவரும் இறங்கி, ஏறுவோர் உள்ளே சென்ற பின்னரே நடத்துநர் விசில் கொடுத்தல் வேண்டும். ஓட்டுநர் நிறுத்தத்தில் சாலையோரமாக வண்டியை நிறுத்துதல் வேண்டும். பயணியோ வண்டி முற்றும் நின்றபின் கைப்பிடியைப் பற்றி, பின்னால் வண்டி வருகின்றதா எனப் பார்த்து இறங்குதல் வேண்டும். பேருந்து அகன்ற பிறகே சாலையைக் கடத்தல் நன்று.

விபத்து நேர்ந்துவிடின், காயமுற்றவரைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தல் தகாது. குருதி ஒழுகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து, 108 என்னும் எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கக் கூடுமாயின், மேலும் இடர் இல்லாத இடத்தில் அவரை அசைக்காதிருத்தல் நலம். உதவினால் வழக்கில் சிக்க நேருமோ என அஞ்சிப் பலர் ஒதுங்குவதுண்டு. அவ்வச்சம் வேண்டா. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது.

முந்தி ஏறுபவர் பெறுவது ஓர் இருக்கை. ஓடி இறங்குபவர் பெறுவது சில நொடிகள். இச்சிறு ஊதியத்திற்காகக் கையையும் காலையும் உயிரையும் பணயம் வைத்தல் அறிவுடைமை ஆகாது. அடுத்த பேருந்து வரும். அருவியும் அங்கேதான் இருக்கும். வீட்டில் வழிபார்த்திருப்போரை நினைந்து, நிதானமாக ஏறுக, நிதானமாக இறங்குக.